கைப்பிறேக் இறுகுவதேன்?



பிடிக்க வேண்டிய வேளையிற் பிடித்தல், விட வேண்டிய வேளையில் விடுதல் என்னும் இரண்டு கடமைகளை உடையது மோட்டார் வண்டியின் கைப்பிறேக். இவற்றுள் முன்னையதை எல்லாரும் அறிவர். சரிவிலே வண்டியை நிறுத்தும்போது கைப்பிறேக்கை இழுத்துவிட வேண்டும் என்பது சாரதி பயில்வோர் முதல் நாளிலேயே கற்கும் பாடம். பின்னைய கடமையைப் பற்றி நம்முட் பலர் எண்ணுவதேயில்லை. பிடித்த பிறேக் விட மறுத்தால் என்ன நிகழும்? அம்மறுப்பு எவ்விடத்திற் பிறந்தது என்று எவ்வாறு கண்டறிவது? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

யான் பொறியியல் கற்றவனல்லன். கலைப் பட்டதாரி, நெடுங்காலமாகப் பாடசாலைகளிலே கடமை புரிபவன். ஆயினும் பழைய மொறிஸ் மைனர் வண்டி ஒன்றை வைத்திருப்பவன், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஓரளவுக்கு அதன் வைத்தியனாகவும் ஆகிவிடுகிறான். அன்றியும், பழுது நீக்குதற்குக் கைத்திறன் வேண்டும். பழுது அறிதற்கோ ஒழுங்காகச் சிந்திக்கும் பழக்கமே முதலில் வேண்டும். அப்பழக்கம் எல்லார்க்கும் பொதுவானது. ஆகவே துணிந்து பேசுகிறேன்.

முதலில் இக்கருவியின் அமைப்பை மனக்கண்ணாற் பார்ப்போம். சாரதியின் கைக்கு எட்டும் இடத்திலே ஒரு நெம்புகோல் இருக்கிறது. அதனை மேலே இழுக்கும்போது ‘கடக், கடக்’ என்னும் ஒலி கேட்கும். பற்கள் வெட்டப்பட்ட தகடொன்றின் மேல் சிறு நாக்கு ஒன்று பல்லுக்குப் பல் தாவி விழுகின்ற ஒலியே அது. நாம் கையை எடுத்த பின்னரும் கோல் கீழே இறங்காதிருப்பது இந்த நாக்கினாலேதான். கோலின் நுனியிலுள்ள பொத்தானை அழுத்தினால் நாக்கு பல்லை விட்டு விலகும், கோல் இறங்கும்.

கோலிலிருந்து பின்சில்லுகளுக்குக் கேபிள் செல்கிறது. இது வெறும் கம்பியன்று. உள்ளே முறுக்கிய உருக்குக் கம்பி. வெளியே அதற்கு உறை. உறை அசையாமல் நிற்க, உள்ளிருக்கும் கம்பி மாத்திரம் வழுக்கிச் சென்று வரும். பௌடன் என்பவர் 1896ஆம் ஆண்டிலே இங்கிலாந்திற் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. துவிச்சக்கர வண்டியின் பிறேக் கம்பியிலும் இதனையே காண்கிறோம். மொறிஸ் மைனரிலே முன்னாசனங்கள் இரண்டுக்கும் நடுவிலிருக்கும் கோலிலிருந்து இரண்டு கேபிள்கள் தனித்தனியே புறப்பட்டு, இரண்டு பின்சில்லுகளுக்கும் செல்கின்றன. வேறு பல வண்டிகளிலே ஒரே கேபிள் சிறிது தூரம் சென்று, இழுவையைச் சமமாகப் பங்கிடும் ஒரு சிறு சட்டத்தை அடைந்து, அங்கிருந்து இரண்டாகப் பிரியும்.

சில்லின் உட்புறத்திலே பிறேக் ட்ரம் என்னும் இரும்புப் பாத்திரம் ஒன்று சில்லுடன் சேர்ந்து சுழல்கிறது. அதனுள்ளே பிறைவடிவான இரண்டு பிறேக் சூக்கள் சுழலாமல் நிற்கின்றன. அவற்றின் முதுகிலே லைனர் ஒட்டப்பட்டிருக்கிறது. கேபிள் இழுக்கப்பட்டதும் சிறிய நெம்புகோல் ஒன்று சூக்களை விரித்து ட்ரம்மின் உட்சுவரோடு அழுத்துகிறது. கேபிள் தளர்ந்ததும் சுருள்விற்கள் சூக்களை மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இங்கே நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. பிறேக்கைப் பிடிப்பது நமது கையின் வலிமை. விடுவிப்பதோ சுருள்வில்லின் வலிமை. கையின் வலிமை நெம்புகோலினாற் பன்மடங்காகப் பெருகிச் சென்று, கறள் பிடித்த கம்பியையும் இழுத்துவிடும். சுருள்வில்லுக்கு அத்தகைய உதவி எதுவுமில்லை. ஆதலினாலேதான், கெட்டுப்போகும் கைப்பிறேக் பெரும்பாலும் பிடிக்க மறுப்பதற்கு முன்னர் விட மறுக்கின்றது.

இனி, விட மறுப்பதற்கான காரணங்களைப் பார்ப்போம். அவற்றுள் தலையாயது கறள். கேபிளின் உறையிலே ஒரு சிறு வெடிப்பு ஏற்பட்டாற் போதும். மழைநீர் உள்ளே புகுந்துவிடும். உள்ளே நீர், சேறு, கறள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கம்பி வழுக்குவதற்குப் பதிலாக உரசத் தொடங்கும். உப்புக் காற்று வீசும் நமது கரையோரப் பகுதிகளில் இது விரைவில் நிகழும். இரண்டாவது காரணம், சில்லினுள் இருக்கும் சிறு நெம்புகோலின் அச்சாணி இறுகிவிடுதல். மூன்றாவது, சுருள்விற்கள் சூட்டினாலும் மூப்பினாலும் வலுவிழத்தல். நான்காவது, கேபிளை அளவுக்கு மிஞ்சி இறுக்கி வைத்தல். ஐந்தாவது, லைனர் ட்ரம்மோடு ஒட்டிக்கொள்ளுதல்.

ஐந்தாவது காரணத்தை இலங்கையர் பலர் அண்மைக் காலத்திலே நேரிற் கண்டனர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாடளாவிய ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது எண்ணற்ற வண்டிகள் வாரக்கணக்காக வீட்டு வாயில்களில் அசையாது நின்றன. 2022ஆம் ஆண்டிலே எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது நிரப்பு நிலையங்களின் முன்னே வண்டிகள் வரிசையிற் பல நாட்கள் காத்துக் கிடந்தன. வேறு பல வீட்டிலேயே கிடந்தன. கைப்பிறேக் போட்டபடியே நெடுநாள் நிற்கும் வண்டியின் ட்ரம்மிலே ஈரம் பட்டால் இரும்பு கறள்பிடிக்கும். அக்கறள் லைனரையும் இரும்பையும் பசைபோல ஒட்டிவிடும். பின்னர் கோலைக் கீழே இறக்கினாலும் வண்டி அசையாது. இங்கே கேபிளிலும் குற்றமில்லை, கோலிலும் குற்றமில்லை.

நோய் இன்னதென்று அறியுமுன் நோய்க்குறிகளை அறிய வேண்டுமல்லவா? கைப்பிறேக் முற்றாக இறுகினால் வண்டி நகராது. அதனை எவரும் உணர்வர். அரைகுறையாக இறுகுவதே ஆபத்தானது; ஏனெனில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். எஞ்சின் முன்னைப்போல இலகுவாக இழுக்காது. பெற்றோல் மிகுதியாகச் செலவாகும். சமதரையிலே கியரை விலக்கிவிட்டால் உருண்டு செல்ல வேண்டிய வண்டி, எவரோ பின்னின்று இழுத்துப் பிடிப்பதுபோல் நின்றுவிடும். சிறிது தூரம் ஓடியபின் எரிந்த துணியின் நாற்றத்தைப் போன்றதொரு நாற்றம் பின்புறத்தில் எழும்.

முகப்பிலே எரியும் சிவப்பு விளக்கு இவ்விடயத்தில் நமக்குத் துணை செய்யாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். அவ்விளக்கு உள்ள வண்டிகளிலே, கோல் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை மாத்திரமே அது அறியும். சிலவற்றிலே பிறேக் ஒயில் குறைந்தாலும் எரியும். சில்லினுள்ளே சூக்கள் விலகினவா என்பதை அது அறியாது. கோல் இறங்கியவுடன் விளக்கு அணைந்துவிடும். விளக்கு அணைந்தது, ஆகவே பிறேக் விட்டுவிட்டது என்று முடிவு செய்தல் தவறான அனுமானமாகும்.

அரைகுறையாக இறுகிய பிறேக்கோடு ஓடினால் என்ன? வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாமே என்று எண்ணுவோர் உளர். உரசல் சூடாக மாறும் என்பதை மறத்தல் கூடாது. ட்ரம் சூடேறினால் லைனர் தன் பற்றுந்தன்மையை இழக்கும். பெயரிங்கிலுள்ள கிறீஸ் உருகி வெளியேறும். வீல் சிலிண்டரிலுள்ள பிறேக் ஒயிலும் சூடேறும். டொட் 3 என்னும் வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் குறையாத கொதிநிலை உடையதாதல் வேண்டும் என்பது நியமம். இந்த ஒயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. நூற்றுக்கு நாலு பங்குக்குச் சற்றுக் குறைவான நீர் கலந்துவிட்டால் அதற்கு வேண்டப்படும் கொதிநிலை 140 பாகை அளவிற்கு இறங்கிவிடுகிறது. ஒயில் கொதித்தால் ஆவிக்குமிழிகள் தோன்றும், குமிழிகள் நசுங்கும், கால்பிறேக்கை அழுத்தும்போது பெடல் பஞ்சை மிதித்ததுபோல் அடிவரை செல்லும். கைப்பிறேக் இறுகியதிலே தொடங்கிய குற்றம், நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும் பாதையிலே கால்பிறேக்கையும் பறித்துவிடக்கூடும். கண்முன்னே வளைவும் பள்ளமும் இருக்கும் அவ்விடத்திலே அது எத்துணை அபாயமானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நாற்றமோ புகையோ கண்டால் பாதுகாப்பான இடத்திலே நிறுத்தி ஆறவிடுதல் வேண்டும். சூடேறிய ட்ரம்மின் மீது குளிர்ந்த நீரை ஊற்றலாகாது, வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும்.

இப்பொழுது பழுதறியும் முறைக்கு வருவோம். நீண்ட கணக்கொன்றிலே பிழை இருப்பதாகத் தெரிந்தால், அநுபவமுள்ள கணித ஆசிரியர் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. நடுவரியை நோக்குவார். அதுவரை சரியாயிருந்தால் பிழை கீழ்ப்பாதியில் உள்ளது. சரியில்லையெனின் மேற்பாதியில் உள்ளது. இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே செல்வார். கைப்பிறேக்கும் கோல், கேபிள், சில்லு என்று தொடர்ந்து செல்லும் ஒரு சங்கிலியாதலால், அதே முறை இங்கும் நன்கு பயன்படும்.

முதற் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வண்டியை நாலைந்து கிலோமீற்றர் தூரம், கால்பிறேக்கை இயன்றளவு குறைவாகப் பாவித்து, ஓட்டிச் செல்லுங்கள். பின்னர் நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுசென்று சூட்டை உணருங்கள். தொடுதல் வேண்டாம்; தோல் வெந்துவிடும். முன்சில்லுகள் இயல்பாகவே சற்றுக் கூடுதலாகச் சூடேறும். பிறேக் வேலையிற் பெரும்பங்கை அவையே செய்கின்றன. ஆதலால் பின்சில்லைப் பின்சில்லுடனேயே ஒப்பிட வேண்டும்.

ஒரு பின்சில்லு மாத்திரம் சூடாக இருந்தால், குற்றம் அந்தச் சில்லினுள் அல்லது அதற்குச் செல்லும் கேபிளில் இருக்கிறது. பின்சில்லுகள் இரண்டும் ஒத்த அளவிற் சூடாக இருந்தால், இரண்டுக்கும் பொதுவான இடமாகிய கோலையோ, பங்கிடும் சட்டத்தையோ, கேபிளின் இறுக்கத்தையோ ஐயுற வேண்டும். நாலு சில்லுகளும் அளவுக்கு மிஞ்சிச் சூடாக இருந்தாலோ, அது கைப்பிறேக்கின் குற்றமேயன்று. கால்பிறேக்கின் மாஸ்டர் சிலிண்டரிலேயே தேட வேண்டும். பிறேக் ஒயில் ஊற்றும் பாத்திரத்திலே எஞ்சின் ஒயிலை எவரேனும் அறியாமல் ஊற்றியிருந்தால், அதிலுள்ள றப்பர்கள் ஊதிப் பெருத்து, நாலு பிறேக்குகளும் விடாமற் பிடிக்கும். ஒரு சில்லு சூடாகி, அதனோடு உறுமல் ஒலியும் கேட்குமாயின், பிறேக்கைக் குறைகூறுமுன் பெயரிங்கையும் சோதிப்பது நன்று.

இரண்டாவது சோதனைக்கு வண்டியின் பின்புறத்தை உயர்த்த வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் சோதிக்கப் போவதே கைப்பிறேக்கை. அதனைத் தளர்த்தப் போகிறோம். ஆகவே அது வண்டியை நிறுத்தி வைக்கும் என்று நம்பியிருத்தல் முரணாகும். சமதரையிலே நிறுத்தி, முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் உறுதியான ஆப்புகளை வைத்தபின்னரே ஜக்கினால் உயர்த்த வேண்டும். உயர்த்தியபின் வண்டியை உரிய தாங்கிகளின் மேல் இருத்த வேண்டும். ஜக்கை மாத்திரம் நம்பி வண்டியின் கீழே தலையை நுழைத்தல் எக்காரணங் கொண்டும் ஆகாது.

பின்னர் கியரை விலக்கி, கோலை முற்றாக இறக்கி, பின்சில்லு ஒவ்வொன்றையும் கையாற் சுழற்றிப் பாருங்கள். மொறிஸ் மைனர் போன்று பின்சில்லுகளுக்கு வலு செல்லும் வண்டிகளிலே, அச்சினுள்ளிருக்கும் பற்சில்லுகளும் ஒயிலும் சிறிது தடை செய்யும். அதனைப் பிறேக் என்று மயங்கலாகாது. சில்லு ஏறத்தாழ இலகுவாகச் சுழன்றால், கோலை ஒவ்வொரு பல்லாக மேலே இழுத்து, ஒவ்வொரு முறையும் சில்லைச் சுழற்றி, பின்னர் கோலை இறக்கி மீண்டும் சுழற்றிப் பாருங்கள். இறக்கிய பின்னரும் ஒரு சில்லு இறுகியே நின்றால் நாம் தேடிய குற்றவாளி அகப்பட்டுக்கொண்டது. இனி அதனைச் சங்கிலியின் எந்தப் பகுதியில் என்று விசாரிக்க வேண்டும்.

முதலில், கோல் உண்மையிலேயே அடிவரை இறங்கியதா என்று பாருங்கள். நாக்கு பல்லிலேயே சிக்கியிருக்கலாம். கோலின் அச்சாணி இறுகியிருக்கலாம். தரைவிரிப்புச் சுருண்டு கோலின் கீழே அகப்பட்டிருக்கவுங் கூடும். இவை எதுவும் இல்லையெனில், கோலின் அருகே கேபிளைப் பிணைக்கும் சுரையைச் சில சுற்றுகள் தளர்த்துங்கள். மொறிஸ் மைனரிலே கேபிள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுரை உண்டு. தளர்த்தியவுடன் சில்லு சுழலத் தொடங்கினால், குற்றம் முன்பாதியில் உள்ளது. கேபிளை மிகையாக இறுக்கியிருக்கிறார்கள், அல்லது கோல் சரியாக இறங்கவில்லை.

கேபிளின் முன்னுனி தளர்ந்து தொங்கியும் சில்லு அசையாவிட்டால், குற்றம் பின்பாதியில் உள்ளது. இப்பொழுது சில்லின் பின்புறத்திலே, கேபிள் சிறு நெம்புகோலோடு சேருமிடத்திலுள்ள ஊசியைக் கழற்றிவிடுங்கள். கேபிளிலிருந்து விடுபட்ட நெம்புகோல் தானே பின்னே சென்று, சில்லும் சுழன்றால், கேபிள் தன் உறையினுள் இறுகியிருக்கிறது என்பது தெளிவு. கழற்றிய கம்பியை இரு நுனிகளிலும் பிடித்து மாறி மாறி இழுத்தால் அதன் கரகரப்பைக் கையே உணரும். ஊசியைக் கழற்றிய பின்னரும் நெம்புகோல் அசையாமல் நின்றால், கேபிள் குற்றமற்றது. நெம்புகோலின் அச்சாணியோ, ட்ரம்மின் உள்ளே இருப்பவையோ காரணமாகும். அப்பொழுதுதான் ட்ரம்மைக் கழற்ற வேண்டும், அதற்கு முன்னரன்று.

இன்னும் ஓர் ஐயம் நீங்க வேண்டும். சூக்களை விரிப்பது கேபிள் மாத்திரமன்று. கால்பிறேக்கை அழுத்தும்போது ஒயிலின் அழுத்தமும் அவற்றை விரிக்கிறது. அவ்வழுத்தம் வெளியேற வழியின்றி அகப்பட்டுக்கொண்டாலும் சில்லு இறுகும். பழி கைப்பிறேக்கின் மேல் விழும். இதனைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. கைப்பிறேக்கைத் தொடாமல் கால்பிறேக்கை மாத்திரம் சில தடவை அழுத்தி விடுங்கள். அதனால் சில்லு இறுகுமாயின், வீல் சிலிண்டருக்குப் பின்னாலுள்ள காற்றகற்றும் திருகாணியைச் சற்றே திறந்து பாருங்கள். ஒயில் வேகத்தோடு பீறிட்டு, உடனே சில்லு விடுபட்டால், குற்றம் ஒயிற் பாதையில் உள்ளது. பழைய றப்பர்க் குழாய் உள்ளே ஊதித் துவாரம் சுருங்கியிருந்தால், காலின் வலிமையால் உள்ளே செல்லும் ஒயில், திரும்பி வர வலிமையின்றி அங்கேயே நின்றுவிடும். ஒயில் பீறிடாமல், சில்லும் விடுபடாவிட்டால், சிலிண்டரின் பிஸ்டன் கறளேறி இறுகியிருக்கலாம். இச்சோதனையின் பின் காற்று உட்புகாதவாறு பிறேக்கை ஒழுங்குசெய்தல் இன்றியமையாதது. சிந்திய ஒயில் வண்டியின் வர்ணத்தை அரித்துவிடும். உடனே கழுவ வேண்டும்.

பின்சில்லுகளுக்கு ட்ரம்மின்றி டிஸ்க் பிறேக் பூட்டிய வண்டிகள் இக்காலத்திற் பல. அவற்றுட் சிலவற்றிலே டிஸ்க்கைப் பற்றும் கலிப்பரின் பின்புறத்திலேயே கைப்பிறேக்கின் சிறு நெம்புகோல் அமைந்திருக்கும். கோலை இறக்கியபின் அந்நெம்புகோல் தனக்குரிய முட்டிலே வந்து தங்க வேண்டும். தங்காவிட்டால் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். உடனே வந்து தங்கினால் கேபிளின் குற்றம். தங்காவிட்டால் கலிப்பரின் குற்றம். வண்டி புதிதாயினும் வாதம் பழையதே.

கோல் இல்லாமல், ஒரு பொத்தானை அழுத்தினால் மின்மோட்டார் பிறேக்கைப் பிடிக்கும் வண்டிகளும் வந்துவிட்டன. பி.எம்.டபிள்யூ நிறுவனத்தார் 2001ஆம் ஆண்டிலே தமது 7 வரிசை வண்டியில் இதனை அமைத்தனர்; இன்று சிறிய வண்டிகளிலும் இது காணப்படுகிறது. இத்தகைய வண்டியின் பிறேக் விட மறுத்தால் முதலிலே பற்றரியைச் சோதிக்க வேண்டும். வலுவிழந்த பற்றரி மோட்டாரைத் திருப்பாது. பற்றரி நன்றாயிருந்தும் விடாவிட்டால், உரிய மின்கருவி கொண்டு சோதிக்கும் மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. பிஸ்டனை வலிந்து திருப்பினால் உள்ளே இருக்கும் சிறு பற்சில்லுகள் உடைந்துவிடும்.

குற்றம் கண்டபின் பரிகாரம் பெரும்பாலும் எளிது. இறுகிய கேபிளை மாற்றிவிடுதலே நன்று. எண்ணெய் விட்டு இளக்கலாம். எனினும் உறை வெடித்திருக்கும்வரை நீர் மீண்டும் புகும். ஒட்டிக்கொண்ட லைனரை விடுவிக்க, வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைக்கலாம். அல்லது சில்லைக் கழற்றி ட்ரம்மின் விளிம்பிலே மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டலாம். எஞ்சினை உறுமவிட்டுப் பலவந்தமாக இழுத்தால் லைனர் சூவிலிருந்து பிய்ந்துவிடும். ட்ரம்மினுள் எண்ணெய் தெளித்தல் ஒருபோதும் ஆகாது. லைனரிலே எண்ணெய் பட்டால் பிறேக் பிடிக்காது. உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதுவதும் தகாது. பழைய லைனர்களில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. அத்தூசி நுரையீரலுக்குக் கொடிய பகை. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

கேபிளை இறுக்குவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. லைனர் தேய்ந்ததனால் கோல் மிக உயரே வருமாயின், முதலிற் சூக்களைச் சரிசெய்ய வேண்டும். அதன் பின்னரே கேபிளைத் தொட வேண்டும். சூக்களை விட்டுக் கேபிளை மாத்திரம் இறுக்கினால், சில்லினுள்ளிருக்கும் நெம்புகோல் தன் இருப்பிடத்திற்கு வர முடியாமல், சூக்கள் எந்நேரமும் ட்ரம்மை உரசிக்கொண்டிருக்கும். பெரும்பாலான வண்டிகளிலே கோல் நாலு முதல் ஏழு பற்களுக்குள் இறுக வேண்டும். ஆயினும் அவ்வவ் வண்டிக்குரிய கைந்நூலிற் சொல்லப்பட்ட எண்ணே முடிவானது.

நேயர்களே, இவ்வளவு விரிவாக இதனைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கைப்பிறேக் ஓரிரு முறை இறுகி அல்லற்படுத்தினால், நம்மவர் செய்வது என்ன? அதனைத் திருத்துவதில்லை, பாவிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பாவியாத கேபிள் அசைவின்றி மேலும் கறளேறும். சிலர் கேபிளையே கழற்றிவிட்டு, ஆசனத்தின் கீழே ஒரு கருங்கல்லை வைத்துக்கொள்கிறார்கள். விட மறுத்த பிறேக், சில மாதங்களிற் பிடிக்கவே இயலாத பிறேக்காகிவிடுகிறது.

மலைநாட்டிலே நான் கடமையாற்றிய பாடசாலை ஒன்றின் வாயில் சரிவிலே அமைந்திருந்தது. மாணவரை ஏற்றும் வான் ஒன்றின் சாரதி நாள்தோறும் பின்சில்லுக்குக் கல் வைத்தே நிறுத்துவார். நல்லவர், பிள்ளைகளிடம் அன்புடையவர். கைப்பிறேக் இறுகுவதாகச் சொல்லி அதனைக் கழற்றி நெடுநாளாகியிருந்தது. மழை பெய்த ஒரு பிற்பகலிலே ஈரமான தார்ப்பாதையிற் கல் வழுக்கியது. ஐந்து பிள்ளைகள் ஏறியிருந்த நிலையில் வான் பின்னோக்கி உருண்டு, பத்தடி தூரத்திலிருந்த மண்மேட்டிலே முட்டி நின்றது. மேடு இருந்த பக்கத்திற்குப் பதிலாக மறுபக்கம் திரும்பியிருந்தால் அங்கே பள்ளம். ஒருவருக்கும் காயமில்லை. மறுநாள் அந்த வானைப் பட்டறைக்குக் கொண்டுசென்றபோது மாற்ற வேண்டியிருந்தது ஒரேயொரு கேபிள். ஒரு முற்பகலில் வேலை முடிந்தது. அன்று முதல், மாணவரை ஏற்றும் வண்டி எதுவாயினும் தவணை தொடங்கும் நாளிலே பாடசாலை வாயிலிற் கைப்பிறேக்கைப் பிடித்தும் விட்டும் காட்ட வேண்டும் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம். பெற்றோரும் தமது ஊர்களில் இதனைக் கேட்டு வாங்கலாம். இதற்குச் செலவு யாதுமில்லை.

முடிவாக, இறுகாமற் காக்கும் வழிகள் சில. கைப்பிறேக்கை நாள்தோறும் பாவியுங்கள். அசைவே கேபிளுக்கு மருந்து. வண்டியைக் கழுவியபின் அல்லது வெள்ளத்தினூடு ஓட்டியபின், சிறிது தூரம் ஓட்டிக் கால்பிறேக்கை மெல்ல அழுத்தி ஈரத்தை உலர்த்தியபின் நிறுத்துங்கள். வாரக்கணக்கில் நிறுத்த நேர்ந்தால், சமதரையிலே கியரிற் போட்டு, சில்லுகளுக்கு ஆப்பு வைத்து, கைப்பிறேக்கைத் தளர்த்தியே வையுங்கள். வருடத்திற்கு ஒருமுறை, மாரிமழை தொடங்குமுன், கேபிளின் உறையை முழு நீளத்திற்கும் பார்த்து, வெடிப்பிருந்தால் மாற்றிவிடுங்கள்.

சரிவிலே நிற்கும் வண்டியைக் கல்லை நம்பி விடாமல், ஒழுங்காகப் பிடித்து ஒழுங்காக விடும் பிறேக்கை நம்பி நிறுத்தும் வழக்கம் ஒவ்வோர் ஊரிலும் நிலைபெறுமாயின், இப்பேச்சு தன் பயனைப் பெற்றதாகும்.